பெத்தவங்க மேலயே கேஸ் போட்ட பையன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல 'கேப்பர்னாம்' படத்தைப் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதி வெச்சேன், பாத்தா வந்த கேள்வில முக்காவாசி அதைப் பத்திதான். அதனால இந்த வாட்டி ஹீரோ சண்டை, பாக்ஸ் ஆபீஸ் சண்டை எல்லாத்தையும் ஓரமா வெச்சிட்டு முழுசும் இந்தப் படம்தான். கதையை உடைச்சுதான் பேசப் போறேன். பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க, இல்ல படிச்சிட்டுப் போய்ப் பாருங்க, சஸ்பென்ஸ் படம் இல்ல, ஒண்ணும் கெட்டுப் போகாது.

கும்பகோணம் வாசகர்: படத்து பேரே வாய்ல நுழைய மாட்டேங்குதே, என்ன அர்த்தம்? கதையை சுருக்கமா சொல்லுங்க.

வாய்ல நுழையலன்னா பைபிள் தமிழ்ல சொல்லிக்கோங்க, கப்பர்நகூம். ஏசு அத்தனை அற்புதம் பண்ணியும் திருந்தலன்னு அவரே சபிச்ச ஊர். பிரெஞ்சுல அந்த ஊர்ப் பேரே கண்டதும் கடியதும் குவிஞ்சு கிடக்கிற களேபரம்ங்கிற அர்த்தத்துல புழங்குது. படம் லெபனான் படம், 2018, பேசறது அரபி, டைரக்டர் நதீன் லபாக்கி. கான் விழாவுல ஜூரி பரிசு வாங்குச்சு, ஆஸ்கர்ல வெளிநாட்டுப் பட லிஸ்ட்ல கடைசி அஞ்சுக்குள்ள வந்து 'ரோமா' கிட்ட தோத்துச்சு.

கதை இதான். பெய்ரூட்ல ஒரு சேரி, ஸெய்ன்னு ஒரு பையன், வயசு சுமார் 12. சுமார்னு ஏன் சொல்றேன்னா அவன் பொறந்ததுக்கு எந்தப் பதிவும் இல்ல, படமே ஒரு டாக்டர் அவன் வாயைத் தொறந்து பால் பல்லு ஒண்ணும் மிச்சமில்ல அப்ப 12 இருக்கும்னு கணக்குப் போடறதுலதான் ஆரம்பிக்குது. 11 வயசு தங்கச்சி சஹரை, இவங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவனுக்குக் கட்டிக் குடுத்துடறாங்க. பையன் வீட்டை விட்டு ஓடி, ராஹில்னு ஒரு எத்தியோப்பியப் பொண்ணு தகரக் கொட்டாயில ஒண்டறான், அவ வேலைக்குப் போகும்போது அவ கைக்குழந்தை யோனாஸைப் பாத்துக்கறான். ஒரு நாள் ராஹில் வரல, போலீஸ் பிடிச்சிட்டுப் போயிருச்சு. அப்புறம் ரொம்ப நேரம் பையனும் கைக்குழந்தையும் மட்டும்தான், கையில காசும் கிடையாது. கடைசியில தங்கச்சி கர்ப்பமாகி செத்துட்டான்னு தெரிஞ்சதும் அவளைக் கட்டிக்கிட்டவனைக் கத்தியால குத்திடறான், ஜெயில். ஜெயில்ல இருந்து டிவி ஷோவுக்கு லைவ்ல போன் போட்டு எங்க அம்மா அப்பா மேல கேஸ் போடணும்ங்கறான், என்ன கேஸ்னா, என்னைப் பெத்த கேஸ்.

கோவை கல்லூரி மாணவர்: அந்தப் பையன் எந்த ஆக்டிங் ஸ்கூல்? நடிப்பு மாதிரியே தெரியல.

ஸ்கூலுக்கே போனதில்ல தம்பி, ஆக்டிங் ஸ்கூலுக்கு எங்க போறது. அவன் நிஜப் பேரும் ஸெய்ன்தான், ஸெய்ன் அல் ரஃபீயா. சிரியாவுல தாரா ஊர்க்காரன், 2012ல சண்டைக்குப் பயந்து குடும்பத்தோட லெபனான் வந்தவங்க. ஷூட்டிங் சமயத்துல 12, 13 வயசு, தன் பேரை எழுதறதுக்கே தடுமாறுவானாம், கடை சாமான் டெலிவரி பண்ற வேலை. தெருவுல திரிஞ்சு ஆள் தேடுன காஸ்டிங் டைரக்டர் கண்ணுல பட்டான். பாக்க எட்டு வயசு மாதிரி இருக்கான்ல, அது மேக்கப் இல்ல, சரியான சாப்பாடு இல்லாம வளராமப் போன ஒடம்பு.

இதுல ஒரு கூத்து இருக்கு. படத்துல இவன் லெபனான்ல பொறந்த பையன். நிவாரணப் பால் பவுடர் வாங்கறதுக்காக நான் சிரியாக்காரன்னு பொய் சொல்லிக்கிட்டு வரிசையில நிப்பான். நிஜத்துல சிரியாவுல இருந்து அகதியா வந்த பையன், லெபனான் பையனா நடிச்சு, அந்த லெபனான் பையன் சிரியா அகதியா நடிக்கறான்! எத்தனை மடிப்பு பாருங்க, இவ்ளோத்தையும் மூஞ்சியில ஒண்ணுமே காட்டாம பண்ணிட்டுப் போறான்.

லபாக்கி பசங்களுக்கு வசனத்தை எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ண வைக்கல. சீன் இதுதான், உனக்கு இப்ப இது வேணும், அவன் தர மாட்டான், என்ன பண்ணுவன்னு விட்டுட்டு பின்னாடியே கேமராவைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அதான் அந்த வாய்த்துடுக்கு, அந்தக் கெட்ட வார்த்தை எல்லாம் அவ்ளோ சரளமா விழுது. கேட்க ஈஸியா இருக்கு, ஆனா கணக்கைப் பாருங்க, ஆறு மாசம் ஷூட்டிங், 500 மணி நேரத்துக்கு மேல ஃபுட்டேஜ், அதுல இருந்து ரெண்டு மணி நேரப் படம். நாம பாக்கறது ஆயிரத்துல நாலு பங்குகூட இல்ல. மிச்ச நேரமெல்லாம் அந்தப் பையன் கேமரா முன்னாடி நடந்துக்கிட்டும் காத்துக்கிட்டும் சலிச்சுக்கிட்டும் இருந்திருக்கான், அதனால தெருப் பையனைத் தூக்கிட்டு வந்து நிறுத்துனா தானா நடிப்பு வந்துரும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அது வேலைதான், அவனும் வேலைதான் செஞ்சான்.

ஒரே ஒரு சீன் சொல்றேன். தங்கச்சி படுத்திருந்த இடத்துல ரத்தக் கறை. அவளுக்கு என்னன்னு தெரியல, இவனுக்குத் தெரியுது, தெரிஞ்சா கட்டிக் குடுத்துருவாங்கன்னும் தெரியுது. பாத்ரூமுக்கு இழுத்துட்டுப் போய் அவ துணியை இவனே கசக்கிக் குடுத்து, தன் சட்டையைக் கழட்டி மடிச்சு வெச்சுக்கன்னு குடுத்து, அப்புறம் கடையில நாப்கின் திருடி ஒளிச்சு எடுத்துட்டு வருவான். அவ்ளோ பரபரப்புலயும் திட்டிக்கிட்டேதான் இருப்பான், ஒரு இடத்துலயும் பாசமா ஒரு வார்த்தை பேச மாட்டான். பெரிய பெரிய நடிகருங்க இந்த இடத்துல கண்ணைக் கலங்க விட்டிருப்பாங்க.

திண்டுக்கல் வாசகி: படத்துல வில்லன் யாரு? அந்த வாடகை வீட்டுக்காரனா, குழந்தையை விலை பேசற மார்க்கெட் ஆளா?

பேப்பர். ஸெய்னுக்கு அடையாள அட்டை இல்ல, ராஹிலுக்கு செல்லுபடியாகிற விசா இல்ல, யோனாஸ் பொறந்ததே யாருக்கும் தெரியாது, சஹரை ஆஸ்பத்திரி வாசல்லயே விட்டுட்டதுக்கும் பேப்பர் இல்லாததுதான் காரணம். மார்க்கெட் ஆளு சும்மா இடைத்தரகர்.

மட்டக்களப்பு வாசகி: எங்கட மாமி ஒராள் பெய்ரூட்டில ஏழு வருஷம் வீட்டு வேலை செய்தவ. ராஹில்ட கதையைப் பார்த்திட்டு அவ ஒண்டும் கதைக்கேல்ல, எழும்பிப் போயிட்டா. அங்க உண்மையாவே இப்பிடியா?

உண்மைதாங்க. உங்க மாமிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது ஒண்ணும் இல்ல, மத்தவங்களுக்காக சொல்றேன். அங்க கஃபாலான்னு ஒரு முறை. வேலைக்கு வர்றவங்க விசா, தங்கற அனுமதி எல்லாமே வேலை குடுக்கற முதலாளி பேரோட சேத்துக் கட்டியிருக்கும், அந்த வீட்டை விட்டு வெளிய வந்தா அந்த நிமிஷத்துல இருந்து சட்டவிரோதம், சம்பளம் தரலன்னு வந்தாலும் சரி அடிச்சான்னு வந்தாலும் சரி. லெபனான் தொழிலாளர் சட்டம் 1946ல வந்தது, அதுல வீட்டு வேலை பாக்கறவங்களை சேக்கவே இல்ல. படத்துல ராஹிலுக்குக் குழந்தை பொறந்தது தெரிஞ்சா அனுப்பிருவாங்கன்னுதான் குழந்தையை ஒளிச்சு வளக்கறா, டிகெஸ்ட்ன்னு வேற பேர்ல கள்ள அட்டை வெச்சுக்கிட்டு.

இலங்கையில இருந்து பெய்ரூட்டுக்குப் போன பெண்கள் எண்ணிக்கை அவ்ளோ இருந்ததால, அங்க பேச்சு வழக்குல 'ஸ்ரீலங்கியே'ங்கிற வார்த்தையே வேலைக்காரின்னு ஆயிருச்சு. எந்த ஊர்க்காரியா இருந்தாலும் எங்க வீட்டு ஸ்ரீலங்கியேம்பாங்க. ஒரு நாட்டுப் பேரு இன்னொரு நாட்டுல போய் இப்படி ஒரு பொருள் எடுத்துக்கிச்சு. உங்க மாமி எழுந்து போனதுல எனக்கு ஆச்சரியம் இல்ல.

ராஹிலா வர்ற யோர்டனோஸ் ஷிஃபெராவும் நிஜத்துல பேப்பர் இல்லாம இருந்தவங்க. பேப்பர் இல்லன்னு போலீஸ் பிடிக்கற சீனை எடுத்து முடிச்ச ரெண்டு நாள்ல நிஜப் போலீஸ் அவங்களைப் பிடிச்சிட்டுப் போயிருச்சு, டைரக்டர் போய்ப் பொறுப்பேத்துக்கிட்டுதான் வெளிய எடுத்தாங்க. இதைப் படிச்சப்புறம் அந்த சீனை ரெண்டாவது வாட்டி பாத்தேன், முதல் வாட்டி பாத்த மாதிரி பாக்க முடியல.

சேலம் வாசகர்: அந்தக் கைக்குழந்தை எப்படி சார் நடிச்சுது? கிராபிக்ஸா?

கிராபிக்ஸும் இல்ல, பையனும் இல்ல! யோனாஸா வர்றது ஒரு பெண் குழந்தை, பேரு போலுவாடிஃபே ட்ரெஷர் பங்கோலே, அப்ப ஒரு வயசு போல. குழந்தை நடிக்கல, குழந்தை இருந்துச்சு, கேமரா காத்திருந்துச்சு. ஒரு சீன்ல பசி தாங்காம அது ஸெய்ன் சட்டையைத் தூக்கிப் பால் தேடும், அவன் வெலவெலத்துப் போய்த் தள்ளி விடுவான், இதையெல்லாம் எந்த ரைட்டரும் டேபிள்ல உக்காந்து எழுதிட முடியாது. ஷூட்டிங் நடுவுல அந்தக் குழந்தையோட அம்மா அப்பாவையும் பேப்பர் இல்லன்னு பிடிச்சிட்டாங்க. சில வாரம் காஸ்டிங் டைரக்டர்தான் வீட்ல வெச்சுப் பாத்துக்கிட்டாங்க. படத்துல அம்மா ஜெயில்ல, குழந்தை வேற ஒருத்தர் இடுப்புல. கேமராவை ஆஃப் பண்ணாலும் அதேதான்.

திருநெல்வேலியில இருந்து ஒரு அம்மா: ஆறாவது படிக்கிற பொண்ணு இருக்கா. சேந்து பாக்கலாமா? பசங்க படம்தானே?

பசங்க நடிச்ச படம், பசங்களுக்கான படம் இல்லங்க. அமெரிக்காவுல இதுக்கு ஆர் ரேட்டிங், அதாவது 17 வயசு ஆகாதவங்க பெரியவங்க துணை இல்லாம தியேட்டர்ல பாக்க முடியாது. வாயைத் தொறந்தா கெட்ட வார்த்தை, வலி மாத்திரையைப் பொடி பண்ணித் தண்ணியில கரைச்சு துணியில ஊற வெச்சு ஜெயிலுக்குள்ள கடத்தற குடும்பம், அப்புறம் அந்தத் தங்கச்சி விஷயம். பத்தாவது தாண்டட்டும், அப்புறம் நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க.

அதுவரைக்கும் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' போட்டுக் காட்டுங்க. 1997, ஈரான், மஜித் மஜிதி. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே ஜோடி ஷூ, அவ காலை ஸ்கூல் முடிச்சு ஓடி வந்து தெருமுனையில கழட்டிக் குடுக்க இவன் மாட்டிக்கிட்டு மதிய ஸ்கூலுக்கு ஓடணும். ஆஸ்கர் பரிந்துரை கிடைச்ச முதல் ஈரான் படம். தமிழ்லயே 2022ல 'அக்கா குருவி'ன்னு உரிமை வாங்கி எடுத்தாங்க, இளையராஜா மியூசிக். ஆனா முதல்ல ஈரான் படத்தையே காட்டுங்க, அந்தப் பையன் மூக்கை உறிஞ்சிக்கிட்டு கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வாத்தியார் முன்னாடி நிக்கற அழகுக்காக. சப்டைட்டிலை நீங்க படிச்சு சொன்னீங்கன்னா அதுவே ஒரு சுகம்.

பேர் போடாத வாசகர், சென்னை: ஏழைப் பசங்க கண்ணீரைக் காட்டி கான்ல கைத்தட்டு வாங்கறாங்க. ரெட் கார்ப்பெட் சுருட்டுனதும் அந்தப் பசங்க திரும்ப அதே சேரி. இதைப் போய்ப் பாராட்டி எழுதறீங்களே, வெக்கமா இல்ல?

கோவம் நியாயம்தான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

இப்படி நடந்திருக்கு. 1988ல 'சலாம் பாம்பே', மீரா நாயர். மும்பைத் தெருப் பசங்களை வெச்சு எடுத்த படம், ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு. அதுல மெயின் ரோல் பண்ண ஷஃபீக் சையதுக்கு குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைச்சுது. கிடைச்சு? சினிமா வாய்ப்பு வரல, பெங்களூர்ல ஆட்டோ ஓட்டுனார். ஆட்டோ ஓட்டறது கேவலம்னு சொல்லல, ஆனா 12 வயசுல உலகமே உன்னைப் பாத்துக் கைத்தட்டிட்டு 15 வயசுல ஒருத்தரும் போன் எடுக்கலன்னா அந்த மனசு என்ன பாடு படும். அதே படத்து வருமானத்துல ஆரம்பிச்ச சலாம் பாலக் டிரஸ்ட் இன்னைக்கும் தெருப் பசங்களுக்காக வேலை பாத்துக்கிட்டு இருக்குங்கறதையும் சொல்லணும். ரெண்டும் ஒரே படத்துல இருந்து வந்ததுதான், எதை மறைச்சாலும் பொய்.

ஏழைப் பையனா இருந்தாதான் இந்தச் சிக்கல்னும் இல்ல. ஜப்பான்ல கொரீடா 2004ல எடுத்த 'நோபடி நோஸ்', அம்மா விட்டுட்டுப் போன நாலு பசங்க கதை. மூத்த பையனா நடிச்ச யூயா யாகிராவுக்கு கான்ல சிறந்த நடிகர் விருது, வயசு 14, இன்னைக்கு வரைக்கும் அவ்ளோ சின்ன வயசுல யாரும் வாங்கல. மேடையில பையன் இல்ல, ஜப்பானுக்குத் திரும்பிட்டான், டைரக்டர்தான் வாங்கினார். அவருக்கும் கொரீடா பேப்பர்ல வசனம் குடுக்கல, காதுல சொல்லித்தான் பேச வெச்சார். அப்புறம் நடுவுல தடுமாறி, பெரிய ஆளா மறுபடி எழுந்து, இப்பவும் நடிச்சிட்டு இருக்கார்.

சரி, நம்ம ஸெய்ன். கான்ல படத்தைப் போட்டது 2018 மே. அதே வருஷம் ஐ.நா. அகதிகள் அமைப்பு மூலமா அவன் குடும்பத்துக்கு நார்வேயில இடம் கிடைச்சு போயிட்டாங்க, ஹாம்மர்ஃபெஸ்ட்னு ஒரு ஊர், உலகத்தோட வடக்கு ஓரம், குளிர்காலத்துல ரெண்டு மாசம் சூரியனே உதிக்காது, கலைமான் கூட்டம் தெருவுக்குள்ள சாவகாசமா நடந்து போகும். அங்க ஸ்கூல்ல சேந்தான். 2021ல மார்வெலோட 'எடர்னல்ஸ்'ல சின்ன ரோல்ல தலை காட்டினான். சஹரா நடிச்ச பொண்ணு தெருவுல சூயிங்கம் வித்தவ, அவளும் ஸ்கூலுக்குப் போனா. யோனாஸா வந்த பேபி? அம்மாவை கென்யாவுக்கும் அப்பாவை நைஜீரியாவுக்கும் அனுப்பிட்டாங்க, குழந்தை அம்மாவோட போச்சு. அந்தக் குடும்பத்தைப் படம் சேத்து வைக்கல.

அதனால மொத்தமா நல்லது பண்ணாங்க, இல்ல சுரண்டுனாங்கன்னு ஒத்தை வரியில என்னால முடிச்சு வைக்க முடியாது. ஒவ்வொரு குழந்தையா கேக்கணும். என் அளவுகோல் ஒண்ணுதான், ஷூட்டிங் முடிஞ்ச அடுத்த வருஷம் அந்தப் பையனுக்கு டைரக்டர் போன் நம்பர் வேலை செஞ்சுதா. லபாக்கி விஷயத்துல வேலை செஞ்சிருக்குன்னுதான் தெரியுது. வீட்டை அடமானம் வெச்சுதான் படம் எடுத்திருக்காங்க, புருஷன் காலித் முஸன்னர்தான் தயாரிப்பும் இசையும். வெக்கம் இருக்கான்னு கேட்டீங்க, அழுதுக்கிட்டே பாத்துட்டு அடுத்த வேளை நல்லா சாப்பிட்டேன், அதுக்குக் கொஞ்சம் இருக்கு.

மதுரை வாசகர்: இல்லாதவங்க ஏன் புள்ளை பெத்துக்கறாங்கன்னு படம் செருப்பால அடிச்ச மாதிரி கேக்குது. சூப்பர்ல?

இங்கதான் எனக்கும் படத்துக்கும் தகராறு. கோர்ட்ல பையன் ஜட்ஜைப் பாத்து இவங்க இனிமே புள்ளை பெத்துக்கக் கூடாதுன்னு சொல்லுங்கங்கறான். அவன் சொல்லலாம், அவனுக்கு உரிமை இருக்கு. தியேட்டர்ல பாப்கார்னோட உக்காந்து நாம தலையாட்டறதுதான் இடிக்குது. மழை ஒழுகற வீடு, விசா முறை, பதிவு பண்ண வழியில்லாத பொறப்பு, வாடகைக்குப் பதிலா பொண்ணைக் கேக்கற ஆளு, இத்தனை பேரும் வெளிய நிக்க கூண்டுல ஏறுனது அம்மா அப்பா மட்டும்.

ஆனா ஒண்ணு, படத்துக்கும் இது தெரிஞ்சிருக்கு. அந்த அம்மா சுஆத், பையனோட வக்கீலைப் பாத்து வெடிப்பா பாருங்க, என் எடத்துல ஒரு நாள் நீ இருந்திருக்கியா, இருந்தா தூக்கு மாட்டிக்கிட்டிருப்ப, குடுக்க ஒண்ணுமில்லாம சக்கரைத் தண்ணியைக் குடுத்துப் புள்ளை வளத்திருக்கேன், என்னை நீ விசாரிக்கிறியான்னு. அந்த வக்கீலா நடிச்சது யாருன்னு பாத்தீங்களா? டைரக்டர் லபாக்கியேதான். மொத்தப் படத்துக்கும் எதிரான கேள்வியை ஒரு ஏழை அம்மாவைக் கேக்க வெச்சு, வாங்கிக் கட்டிக்கற எடத்துல தானே போய் நின்னிருக்காங்க. பதில் பேசாம நிப்பாங்க. உங்க சூப்பரை அந்த ஒரு நிமிஷத்துக்குக் குடுங்க.

ஈரோடு வாசகர்: இவ்ளோ சோகப் படத்தை யாரு சார் காசு குடுத்துப் பாப்பாங்க?

சீனாக்காரங்க பாத்தாங்க! 2019 ஏப்ரல் கடைசியில அங்க ரிலீஸ், 'அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்' ஊரையே வாரிக்கிட்டு இருந்த நேரம். அந்தக் கூட்டத்துல நுழைஞ்சு 5 கோடி டாலருக்கு மேல எடுத்துச்சு. படத்தோட செலவு ஏறக்குறைய 40 லட்சம் டாலர். பெரிய ஹீரோ கிடையாது, பாட்டு கிடையாது, இருந்த ஸ்பைடர்மேன் மாதிரி டிரெஸ் போட்ட தாத்தாவும் கரப்பான்பூச்சி மேன்னு சொல்லிக்கிட்டு பொருட்காட்சியில நிக்கறார்.

தூத்துக்குடி வாசகி: எனக்கு மனசு தாங்காது, முழுப் படம் பாக்க முடியாது. ஒரே ஒரு சீன் பாக்கலாம்னா எது?

ராஹில் கொட்டாயில டிவி கிடையாது. குழந்தை சிணுங்குது. எதுத்த வீட்டு ஜன்னல் வழியா அவங்க டிவி தெரியும். ஸெய்ன் ஒரு கண்ணாடியை எடுத்து சாச்சு சாச்சு வெச்சுப் பாப்பான், ஒரு கோணத்துல பக்கத்து வீட்டு கார்ட்டூன் இவங்க செவுத்துப் பக்கம் வந்துரும். படம் மட்டும்தான், சத்தம் வராது. அதனால கார்ட்டூன்ல இருக்கறவங்க பேசற வசனத்தை இவனே இட்டுக்கட்டிப் பேசுவான், இவன் ஊர்ப் பாஷையில, இவன் கெட்ட வார்த்தையோட. குழந்தை கண்ணாடியைப் பாக்காது, இவன் வாயைத்தான் பாத்துக்கிட்டு இருக்கும்.